அஸ்தத்துக்கு மேற்கே மோதிக்கொள்ளும் இரண்டு பேரடைகள்

மாசி மாதத்துத் தேய்பிறையின் கடைசி இரவுகளில், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவில், தெற்கு நோக்கி நின்று நன்றாக நிமிர்ந்து பார்த்தால், சித்திரை நட்சத்திரத்துக்கு மேற்கே நான்கு விண்மீன்கள் கோணலான ஒரு நாற்கரமாக நிற்பதைக் காணலாம். இந்த நான்கும், அவற்றுக்கு அடியில் மங்கலாக நிற்கும் ஐந்தாவது விண்மீனும் சேர்ந்ததே பஞ்சாங்கத்தில் வரும் அஸ்தம். உலக வான்வரைபடங்களில் இதற்குக் காகம் என்று பெயர். அந்த நாற்கரத்துக்குச் சற்று மேற்கே, வெறுங்கண்ணுக்கு எதுவுமே தெரியாத ஓர் இடத்தில், கேலக்ஸி என்று நாம் சொல்லும் விண்மீன் பேரடைகள் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டிருக்கின்றன. என்ஜிசி என்ற விண்பொருள் பட்டியலில் அவற்றின் எண்கள் 4038, 4039. நீண்ட நேரம் ஒளி திரட்டி எடுத்த படங்களில் இந்த இணையிலிருந்து இரண்டு நீண்ட வால்கள் பூச்சியின் உணர்கொம்புகளாக வளைந்து நீள்வதால், ஆண்டெனா பேரடைகள் என்ற பெயரே எங்கும் நிலைத்துவிட்டது.

இந்த இணையைப் பார்க்கப் போகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. பெயருக்குக் காரணமான அந்த வால்கள், நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கும் தொலைநோக்கிகளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள், கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸில் ஒரு மங்கிய வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அரை நிமிடத்தில் அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. படம் காட்டுவதைத் தேடாமல், கண்ணுக்குக் கிடைப்பது அந்த மோதலின் எந்தப் பகுதி, எந்தக் கட்டம் என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், இந்த அளவுக்கு நிறைவு தரும் பேரடை இணைகள் நம் வானில் மிகச் சிலவே என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நாம் வாழும் இடம் இந்த இணையைப் பொறுத்தவரை ஒரு பெரும் வாய்ப்பு. ஆண்டெனா பேரடைகள் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 19 பாகையில் இருக்கின்றன. ஜவ்வாது மலையின் அட்சரேகையிலிருந்து பார்க்கும்போது அவை தெற்கே உச்சத்தைத் தொடும் வேளையில் தொடுவானத்திலிருந்து 58 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும். அந்த மலையிலுள்ள காவலூரில் வானாய்வகம் அமைக்க இடம் தேர்ந்தபோது, நகர வெளிச்சத்திலிருந்து விலகியிருப்பதோடு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானையும் தென்வானையும் ஒருசேரப் பார்க்க முடியும் என்பதையும் கருத்தில் கொண்டார்கள். அந்த நன்மை மலையடிவாரத்து வயலில் எட்டு அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியுடன் நிற்பவருக்கும் அப்படியே கிடைக்கிறது. இந்த இணையை முதலில் கண்டவரான வில்லியம் ஹெர்ஷலுக்கு அது கிடைக்கவில்லை. 1785 பிப்ரவரி 7 அன்று இங்கிலாந்தின் டாட்செட்டில் அவர் இதைக் கண்டபோது, அது தொடுவானத்திலிருந்து 21 பாகைக்கு மேல் உயர்ந்திருக்க முடியாது. அந்த உயரத்தில் ஒளி கடந்து வரவேண்டிய காற்றின் தடிமன், நமக்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அவருடைய தொலைநோக்கியின் விட்டம் 18.7 அங்குலம் என்றாலும், அதிலிருந்தது உலோகக் கண்ணாடி. இன்றைய அலுமினியப் பூச்சுக் கண்ணாடியைவிட மிகக் குறைவாகவே அது ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆகவே, நம் ஊரில் நல்ல இரவில் ஒரு 12 அங்குலத் தொலைநோக்கியில் பார்ப்பவர் ஹெர்ஷல் பார்த்ததைவிடத் தெளிவாகவே இந்த இணையைப் பார்க்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

கண்டுபிடிப்பது எளிது. தெற்கு நோக்கி நிற்கும்போது நாற்கரத்தின் மேல்பக்கத்தில் இடப்புறம் இருப்பது டெல்டா, வலப்புறம் இருப்பது காமா. டெல்டாவிலிருந்து காமாவுக்கு ஒரு கோடு போட்டு, அதே கோட்டை அதே நீளத்துக்கு மேற்கே, அதாவது வலப்புறமாக, நீட்டுங்கள். கோடு முடியும் இடத்துக்குத் தெற்கே மூன்றில் ஒரு பாகைக்குள் நம் இணை இருக்கும். ஒரு பாகைக்கு மேல் அகலமான பரப்பைக் காட்டும் குறைந்த உருப்பெருக்க ஐபீஸைப் போட்டால், குறி ஏறக்குறைய சரியாக இருந்தாலே அது பார்வைப் பரப்புக்குள் வந்துவிடும். சந்தேகம் வந்தால் உறுதி செய்துகொள்ள, ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே 31 கிரேட்டரிஸ் என்ற ஐந்தாம் தரத்து விண்மீன் இருக்கிறது; தொலைநோக்கியோடு இணைந்த சிறு வழிகாட்டிக் குழாயான ஃபைண்டரில் அது தெளிவாகத் தெரியும்.

இந்த 31 கிரேட்டரிஸுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1974 மார்ச்சில் மாரினர் 10 விண்கலம் புதன் கோளை நெருங்கியபோது, எதிர்பாராத இடத்திலிருந்து புறஊதா ஒளி வருவதை அதன் கருவி பதிவு செய்தது. புதனுக்கு ஒரு நிலா இருக்கிறதோ என்று சில நாட்கள் பேச்சு எழுந்தது. கடைசியில் அந்த ஒளிக்குக் காரணம் பின்னணியில் இருந்த இந்த விண்மீன்தான் என்று தெரிந்தது. வழிகாட்டும் விண்மீனாக மட்டும் அதைக் கடந்து போகாமல், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம்.

இனி ஐபீஸில் கிடைப்பதைச் சொல்கிறேன். இரண்டு பேரடைகளுக்கும் ஒளிப்பொலிவு எண் பத்தரையை ஒட்டியே வரும்; இந்த எண் கூடக் கூட மங்கல் என்று பொருள். அந்த ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் சில வில்நிமிடங்கள் (ஒரு வில்நிமிடம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பரவிக் கிடப்பதால், எண் சொல்வதைவிடக் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். நகரத்தின் விளிம்பிலிருந்து நான் பார்த்தவரை, ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஏதோ இருக்கிறது என்ற ஐயத்தைத் தாண்டி எதுவும் தேறியதில்லை. அதே ஆறு அங்குலத்தை ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து இருட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு சிறிய, சீரற்ற ஒளித்திட்டு தயக்கமின்றித் தெரிகிறது. அது வட்டமும் அல்ல, நீள்வட்டமும் அல்ல என்பது மட்டும் புரியும். அதில் இரண்டு பொருள்கள் இருப்பதாகச் சொல்ல முடியாது.

எட்டு அங்குலத்தில்தான் பார்வை மாறத் தொடங்குகிறது. நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் அந்தத் திட்டு ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்திருப்பது தெரியவரும். மேலைநாட்டுப் பார்வையாளர்கள் இதை இறால் என்றும் காற்புள்ளி என்றும் குறிப்பதுண்டு. என்னுடன் வந்த ஒரு பள்ளி மாணவியிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாமல், பார்த்ததை வரையச் சொன்னேன். அவள் நெடுநேரம் ஐபீஸில் கண் வைத்திருந்துவிட்டு, தாளில் ஒரு முந்திரிப் பருப்பை வரைந்து கொடுத்தாள். அதைவிடச் சரியான உருவம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. உள்வளைவு இருப்பது மேற்குப் பக்கம். இரு பாகங்களும் சேர்ந்திருப்பது கிழக்குப் பக்கம். கண்ணாடியால் ஒளி திரட்டும் நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கிகளில் காட்சி தலைகீழாகத் தெரியும் என்பதால், திசையைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, தொலைநோக்கியை அசைக்காமல் விட்டுவிட்டுக் காட்சி எந்தப் பக்கம் நகர்ந்து மறைகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமே மேற்கு.

பன்னிரண்டு அங்குலத்தில், 150 முதல் 200 மடங்கு வரை உருப்பெருக்கினால், அந்த ஒற்றை உருவம் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே இருக்கும் 4038 பெரியது, பிரகாசமானது. அதன் ஒளி சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக, நிதானமான காற்றில் ஒரு வளையத்தின் பகுதிபோலக்கூடத் தோன்றும். தெற்கே இருக்கும் 4039 ஒடுங்கி, நீண்டு, சற்று வளைந்திருக்கும். இரு மையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு வில்நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் மங்கிய பொருள்கள் இன்னும் மங்கிவிடும் என்ற அச்சம் புதியவர்களிடம் இருக்கிறது. பொருளின் பரப்பு மங்கும்போது பின்னணி வானமும் அதே அளவுக்கு மங்குகிறது. உருவம் பெரிதாவதால் கண்ணுக்கு வேலை எளிதாகிறது. இந்த இணையைப் பொறுத்தவரை, மேற்குப் பக்கத்து உள்வளைவை உறுதியாகக் காண்பதற்கு உருப்பெருக்கத்தைக் கூட்டுவதே சரியான வழி.

பார்க்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே தொலைநோக்கியின் விட்டத்துக்கு இணையாகக் கண்ணின் பழக்கமும் கணக்கில் வருகிறது. மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. நடுவிலிருந்து விலகிய பகுதிகளில்தான் செறிந்திருக்கின்றன. எனவே பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும். கடைக்கண்ணால் பார்த்தால் தெரியும். எந்தப் பக்கத்துக் கடைக்கண் என்பதும் முக்கியம். பார்வை நரம்பு வெளியேறும் குருட்டுப் புள்ளி காரணமாக, பொருள் காதுப் பக்கமாக விழுந்தால் முற்றிலும் தொலைந்துபோகலாம். வலக்கண்ணால் பார்ப்பவர் பார்வையைச் சற்று வலப்புறம் திருப்பி, பொருள் மூக்குப் பக்கமாக நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இடக்கண்ணுக்கு இதற்கு மறுதலை. குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசையும் மங்கிய ஒளியைக் கண் எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால், அசைவு அடங்கும் வரையிலான ஓரிரு நொடிகளில் அதுவரை தெரியாத விளிம்புகள் எழுந்து வரும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அரை மணி நேரமாவது கைப்பேசித் திரையைப் பார்க்காமல் இருளில் இருந்திருக்க வேண்டும்.

வரைவதையும் வலியுறுத்துகிறேன். வரைந்த பின்புதான் கண் எதைப் பார்த்தது என்பதே தெளிவாகிறது. உள்வளைவு எவ்வளவு ஆழம், வடபாகத்தில் பிரகாசமான இடம் எந்த விளிம்பில், தென்பாகம் எங்கே முடிகிறது என்ற கேள்விகளைப் பென்சில் கேட்கும். அவற்றுக்கு விடை தேடி மீண்டும் ஐபீஸுக்குப் போகும்போது, முதல் பார்வையில் இல்லாத ஒன்று கிடைக்கும்.

இப்படிக் கிடைக்கும் இந்தச் சிறு உருவத்துக்கு ஏன் இந்த வடிவம் என்பதைப் புரிந்துகொள்ள, கண்ணுக்குத் தெரியாத வால்களிடம் போக வேண்டியிருக்கிறது. வானியலாளர் ஹால்டன் ஆர்ப் 1966இல் வெளியிட்ட விசித்திரப் பேரடைகள் 338இன் தொகுப்பில் இந்த இணை 244ஆம் எண்ணில் இருக்கிறது. அந்தக் காலத்தில், இவ்வளவு நீளமான, இவ்வளவு மெல்லிய வால்களை ஈர்ப்பு விசை மட்டுமே இழுத்திருக்க முடியுமா என்ற ஐயம் பலரிடம் இருந்தது. காந்தப்புலத்தைக் காரணமாகச் சொன்னவர்களும் உண்டு.

கணினிகள் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வியை ஒருவர் சோதனைச் சாலையில் தொட்டுப் பார்த்திருந்தார் என்பது எனக்கு வியப்பளிக்கும் செய்தி. 1941இல் ஸ்வீடனின் லுண்டில் எரிக் ஹோம்பெர்க் ஒரு பேரடைக்கு 37 மின்குமிழ்கள் வீதம் இரண்டு பேரடைகளை மேசைமேல் அமைத்தார். ஒளியின் செறிவும் ஈர்ப்பு விசையும் ஒரே விதியின்படி, தூரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகின்றன. எனவே ஒவ்வொரு குமிழும் இருக்கும் இடத்தில் எல்லாத் திசைகளிலிருந்தும் விழும் ஒளியை ஒளிமின் கருவியால் அளந்தால், அந்த இடத்தில் செயல்படும் ஈர்ப்பு விசையின் அளவும் திசையும் கிடைத்துவிடும். அதன்படி குமிழ்களை நகர்த்தி, மீண்டும் அளந்து, மீண்டும் நகர்த்தி, இரண்டு பேரடைகள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது அவற்றின் வடிவம் எப்படிக் குலைகிறது என்று காட்டினார். கையால் செய்த அந்தக் கணக்கின் பொறுமையை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை எழுகிறது.

முழு விடை 1972இல் வந்தது. அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் ஒவ்வொரு பேரடையின் நிறையையும் ஒரு புள்ளியில் குவித்து, அதைச் சுற்றி எடையற்ற துகள்களை வளையம் வளையமாக ஓடவிட்டு, இரண்டு பேரடைகள் நெருங்கிக் கடப்பதைக் கணினியில் கணக்கிட்டார்கள். நிலா கடலில் எழுப்பும் ஓதம் நிலாவை நோக்கிய பக்கத்திலும் அதற்கு நேரெதிர்ப் பக்கத்திலும் எழுவதுபோலவே, இங்கும் ஒவ்வொரு பேரடையின் தட்டும் இருபுறமும் இழுபடுகிறது. உட்பக்கத்து இழுப்பு மற்றப் பேரடையை நோக்கிய பாலமாகிறது. வெளிப்பக்கத்து இழுப்பு வெளியை நோக்கி ஓடும் வாலாகிறது. தட்டு சுழலும் திசையும், வருகிற பேரடை கடந்து போகும் திசையும் ஒன்றாக இருக்கும்போது, விளிம்பிலுள்ள விண்மீன்கள் நெடுநேரம் ஒரே பக்கமாக இழுக்கப்படுவதால் வால் மிக நீளமாகிறது. திசைகள் எதிராக இருந்தால் பாதிப்பு குறைவு. ஆண்டெனாவில் இரண்டு தட்டுகளுக்கும் திசை ஒத்து வந்தது. ஆகவே இரண்டு நீண்ட வால்கள். ஈர்ப்பு விசையைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

வால்களின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வானில் ஏறத்தாழ 20 வில்நிமிடம். முழுநிலவின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அது. ஐபீஸில் ஒரு சிறு திட்டாகத் தெரியும் இணையைச் சுற்றி, பார்வைப் பரப்பின் கணிசமான பகுதியை, கண்ணுக்கு எட்டாத விண்மீன்கள் நிரப்பியிருக்கின்றன. 2010இல் வெளியான ஒரு கணினி ஆய்வு, இவை முதன்முதலில் நெருங்கியது சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்றும், திரும்பி வந்து இரண்டாம் முறை மோதியது சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்றும் கணித்தது. நான் இந்த இணையைப் பார்க்கும் விதத்தையே இந்த விவரம் மாற்றிவிட்டது. வால்கள் முதல் சந்திப்பின் எச்சம். முந்திரி வடிவமாக நம் கண்ணுக்குக் கிடைப்பதோ இரண்டாம் சந்திப்பு, இன்னும் நடந்துகொண்டிருப்பது. ஆக, சிறிய தொலைநோக்கி நம்மிடமிருந்து மறைப்பது பழைய வரலாற்றை; நிகழ்வை அது மறைக்கவில்லை.

நிகழ்வு என்று சொல்லும்போது விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதாக எண்ணிவிடக் கூடாது. விண்மீன்களின் அளவோடு ஒப்பிட்டால் அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடம் மிகமிகப் பெரிது. இரண்டு பேரடைகளின் விண்மீன்களும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொடாமலே கடந்து போகும். மோதுவது வாயுவும் தூசியும்தான். அங்கே வாயு நெருக்கப்பட்டு, மேகங்கள் சுருங்கி, புதிய விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன. ஹபிள் தொலைநோக்கி இந்த இணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன் கொத்துகளைக் காட்டியது. அவற்றில் பத்தில் ஒரு பங்கே முதல் ஒரு கோடி ஆண்டுகளைக் கடந்து நிலைக்கும் என்றும், மிகப் பெரியவையான நூறு அளவுக்கு மட்டும் கோளகக் கொத்துகளாக, அதாவது உருண்டையாகத் திரண்ட நெடுநாள் வாழும் கொத்துகளாக, நிலைபெறும் என்றும் கணிக்கிறார்கள். பன்னிரண்டு அங்குலத்தில் 4038இன் ஒளி திட்டுத் திட்டாகத் தெரிகிறதே, அதன் காரணம் இத்தகைய விண்மீன் பிறப்புப் பகுதிகளே. தனிக் கொத்துகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்றாலும், அவற்றின் கூட்டு ஒளி நம் கண்ணை வந்தடைகிறது.

ஆனால் மிகத் தீவிரமாக விண்மீன்கள் பிறக்கும் இடம் அதுவல்ல. இரண்டு பேரடைகளின் வாயுவும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது கிழக்குப் பக்கத்து இணைப்பில். கண்ணுக்கு அங்கே சிறப்பாக எதுவும் தெரிவதில்லை, ஏனெனில் அடர்ந்த தூசி அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. அகச்சிவப்புக் கதிர்களில் பார்க்கும்போதுதான் அந்த இடம் கொழுந்துவிட்டு ஒளிர்கிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் அமைந்த ஆல்மா வானொலித் தொலைநோக்கி வரிசை 2011 அக்டோபரில் தன் முதல் படத்தை வெளியிட்டபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் இந்த இணைதான். அந்தப் படத்தில் குளிர்ந்த வாயு எங்கே குவிந்திருக்கிறது என்பது முதன்முறையாக அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு நான் ஐபீஸில் கிழக்கு இணைப்பின்மேல் அதிக நேரம் செலவிடுகிறேன். அங்கே மங்கலாக இருப்பது வெறுமையால் அல்ல, பொருள் மிகுந்து கிடப்பதால் என்று அறிந்து பார்க்கும்போது, அந்த மங்கலுக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது.

தூரத்தைப் பற்றிய ஒரு விவாதத்தையும் குறிப்பிட வேண்டும். தென் வாலிலுள்ள சிவப்புப் பெருமீன்களின் பொலிவை வைத்துக் கணக்கிட்டவர்கள் 2008இல் ஏறத்தாழ 4.3 கோடி ஒளியாண்டு என்றார்கள். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, 2007 டிசம்பரில் இந்த இணையில் கண்டுபிடிக்கப்பட்ட எஸ்என் 2007எஸ்ஆர் என்ற ஐஏ (Ia) வகைச் சூப்பர்நோவாவையும், அதாவது வெடித்துச் சிதறிய விண்மீனையும், அதே பெருமீன்களின் மறு கணக்கீட்டையும் கொண்டு, 7 கோடி ஒளியாண்டை ஒட்டிய தூரத்தைத் தந்தது. பின்வந்த ஆய்வுகள் இந்தப் பெரிய தூரத்தின் பக்கமே சாய்ந்திருக்கின்றன. தூரம் கூடினால் வால்களின் உண்மையான நீளமும் கூடுகிறது, கொத்துகளின் ஒளிர்வும் கூடுகிறது. ஒரே எண் மாறினால் இந்த இணையைப் பற்றிய எல்லாக் கணக்கும் மாறும் என்பதால்தான் அந்த விவாதம் அவ்வளவு முக்கியமானது.

வால்களை எப்படியும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்குக் கேமராதான் வழி. மிக இருண்ட வானத்தின் கீழ் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் வால்களின் தொடக்கத்தைக் கண்ணால் கண்டதாகத் தேர்ந்த பார்வையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வாய்ப்பு இன்னும் அமையவில்லை. ஆனால் சிறிய தொலைநோக்கியுடன் கேமராவை இணைத்து, நல்ல இருளில் பல மணி நேர ஒளியைத் திரட்டிச் சேர்த்தால் இரண்டு வால்களும் படத்தில் வந்துவிடுகின்றன. ஆர்வலர்கள் பலர் இதைச் செய்திருக்கிறார்கள். நான் கண்ணால் பார்ப்பதையே விரும்புகிறேன் என்றாலும், ஐபீஸில் பார்ப்பதற்கு முன்பு அத்தகைய ஒரு படத்தைக் காட்டி, முனையிலிருந்து முனை வரை வால் எங்கே ஓடுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அனுப்பினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது வழிகாட்டுகிறது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

காலத்தைப் பற்றி. நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்களில்தான் வானம் தெளிவாக இருக்கும். தையில் இந்த இணை விடியலுக்கு முன் உச்சத்துக்கு வரும். மாசியில் நள்ளிரவுக்குப் பின். சித்திரையில் இரவு பத்து மணிக்கே வந்துவிடும். சித்திரை வசதியான நேரம் என்றாலும், அப்போது வெக்கையும் தூசியும் சேர்ந்து வானத்தை வெளுக்கச் செய்துவிடுகின்றன. மாலை நேர இடிமேகங்களும் குறுக்கே வரும். என் தேர்வு மாசிதான். மகா சிவராத்திரி எப்போதும் அமாவாசைக்கு முந்தைய இரவை ஒட்டியே வருவதால், அந்த இரவில் நிலவின் இடையூறு விடியலை நெருங்கும் வரை இல்லை. ஊரே விழித்திருக்கும் இரவும் அதுதான். கோயில் வளாகத்து விளக்குகளிலிருந்து சற்று விலகி ஒரு தொலைநோக்கியை வைத்துவிட்டால், இரண்டாம் சாமத்துக்கும் மூன்றாம் சாமத்துக்கும் இடையில் இந்த இணையைப் பார்க்க வருபவர்களுக்குக் குறைவிருக்காது. மாறாக, பங்குனி உத்திரத்தை ஒட்டிய முழுநிலவு உத்திரத்துக்கும் அஸ்தத்துக்கும் அருகிலேயே நிற்பதால், அந்த நாட்களில் இதைத் தேடிப் போவதில் பயனில்லை.

இந்த இணையைப் பார்த்த பிறகு தொலைநோக்கியை உடனே வேறு திசைக்குத் திருப்பிவிட வேண்டாம். முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தென்மேற்கே என்ஜிசி 4027 இருக்கிறது. ஒரே ஒரு புறத்தில் மட்டும் சுருள் கை தூக்கிய பேரடை அது. அருகிலுள்ள ஒரு சிறு பேரடையின் ஈர்ப்பால் அதுவும் குலைந்திருக்கிறது. எட்டு அங்குலத்தில் ஒரு வெளிறிய திட்டாக மட்டும் தெரியும். பன்னிரண்டு அங்குலத்தில் ஒளி ஒரு பக்கம் கனத்திருப்பதை உணரலாம்.

பின்னர் வடக்கே திரும்பினால், சப்தரிஷி மண்டலத்தின் வால்நுனி விண்மீனுக்கு அருகில் எம்51 என்ற பேரடை இணை காத்திருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இடைவெளியில் அதுவும் உச்சத்துக்கு வரும். நம் ஊரில் வடக்கே 55 பாகை உயரம். 1773இல் சார்ல் மெசியே கண்டு, 1781இல் பியேர் மெஷான் அதன் துணையைக் கண்டு, 1845இல் அயர்லாந்தின் பர் நகரில் ரோஸ் பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியால் சுருள் வடிவத்தை முதன்முதலில் வரைந்த இணை அது. ஒளியில் ஆண்டெனாவைவிட மிகப் பிரகாசமானது. எட்டு அங்குலத்திலேயே இரண்டு மையங்களும் தனித்தனியாகத் தெரியும். அங்கே பெரிய பேரடை தன் வடிவத்தைக் காத்துக்கொண்டு துணையோடு இழுபட்டு நிற்கிறது. ஆண்டெனாவில் இரண்டுமே வடிவம் இழந்துவிட்டன. டூம்ரே சகோதரர்கள் 1972இல் கணக்கிட்டுக் காட்டிய நான்கு இணைகளில் இவை இரண்டும் உண்டு. மூன்றாவதான என்ஜிசி 4676, எலிகள் என்று பெயர் பெற்ற இணை, கோமா பெரனிசஸ் தொகுதியில் இந்த இரண்டுக்கும் நடுவேதான் இருக்கிறது. மிக மங்கலானது என்பதால் 16 அங்குலத் தொலைநோக்கியுடன் வருபவர் எவரேனும் கிடைத்தால் அதே இரவில் அதையும் முயன்று பார்க்கலாம்.